கீழ் ஸ்தாயியின் அரசி

சென்ற வாரப் பகுதியில் வந்த டிரம்பெட் கலைஞர் ஹெர்ப் ஆல்பர்ட், ஜெர்ரி மாஸுடன் சேர்ந்து நடத்திய ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1969 ஏப்ரலில் ஓர் அண்ணனையும் தங்கையையும் ஒப்பந்தம் செய்தார். அண்ணன் ரிச்சர்ட் கார்ப்பெண்டருக்கு 22 வயது. தங்கை கேரனுக்கு 19. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய டவுனி என்ற ஊரில் பெற்றோரோடு வாழ்ந்த பிள்ளைகள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் வுட்ஸ்டாக் இசை விழா நடந்தது. கிதார்கள் அலறிய காலம். படிய வாரிய தலையோடு, கார்ப்பெண்டர்ஸ் என்ற பெயரில் காதல் பாட்டு பாட வந்த இந்த இருவரை விமர்சகர்கள் பலர் மதிக்கவே இல்லை. வெறும் சர்க்கரைப்பாகு என்றார்கள். போதாக்குறைக்கு அவர்களுடைய பெரிய வெற்றிகளில் ஒன்றான 'வீவ் ஒன்லி ஜஸ்ட் பிகன்', க்ராக்கர் வங்கியின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காகப் பிறந்த பாட்டு. ரிச்சர்ட் அதை டிவியில் கேட்டுத்தான் பிடித்தார்.

ஆனால் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு ஒன்று புரிந்தது. பெரும்பாலான பாடகிகள் உருக்கம் வேண்டுமென்றால் மேலே ஏறுவார்கள். கேரன் கீழே இறங்குவார். அவருடையது கான்ட்ரால்டோ எனப்படும் தாழ்ந்த பெண்குரல். கீழ் ஸ்தாயியில்தான் காசு இருக்கிறது என்று அவரே சொல்வதுண்டு. அங்கே போனால் பல குரல்கள் காற்றாகிவிடும். அவருடையது கனம் கூடும். மைக்குக்கு மிக அருகில் நின்று, சத்தம் போடாமல் பாடுவார். சொல்லுக்கு முன்னால் இழுக்கும் சிறு மூச்சுகூடப் பதிவில் விழும்.

1971-இல் வெளிவந்த 'சூப்பர்ஸ்டார்' பதிவு இதற்கு நல்ல சாட்சி. லியோன் ரஸ்ஸலும் பானி ப்ராம்லெட்டும் எழுதிய பாட்டு. வானொலிக்காரர்கள் முகம் சுளிக்கக் கூடாதென்று ரிச்சர்ட் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார். வரிகளைக் காகித நாப்கின் ஒன்றில் கிறுக்கித் தங்கையிடம் கொடுத்தார். வாத்தியக்காரர்களுக்கு வழி காட்டுவதற்காக, அதைப் பார்த்தபடியே கேரன் பாடினார். பிறகு நிதானமாகப் பாடிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்த முதல் டேக்கே இசைத்தட்டில் நின்றுவிட்டது. பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது.

அந்தப் பாட்டில் வரும் தனிமையைக் கேட்டு, பாவம், எவ்வளவு துன்பப்பட்டிருப்பாள் என்று இன்று பலர் உருகுகிறார்கள். காரணம் தெரிந்ததே. 1983 பிப்ரவரி 4 அன்று, 33-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நிலையில், கேரன் இதயம் செயலிழந்து இறந்தார். உணவை ஒதுக்கி உடலை உருக்கும் அனோரெக்ஸியா நெர்வோசா அவர் இதயத்தைத் தளர்த்தியிருந்தது. அந்த நோயின் பெயரையே அமெரிக்கப் பொதுமக்கள் பலர் அவர் மரணச் செய்தியில்தான் அறிந்தார்கள்.

ஆனால் 'சூப்பர்ஸ்டார்' பாடியபோது அவருக்கு 21 வயதுகூட முழுதாகக் கடந்திருக்கவில்லை. உடல் சோர்ந்து கச்சேரிப் பயணங்களை ரத்து செய்தது 1975-இல். அந்தக் குரலின் துயரத்தை நோயின் கணக்கில் எழுதுவது அந்தக் கலைஞருக்குச் செய்யும் அநியாயம். அது அவர் கைவந்த வித்தை.

வித்தையின் வேர் டிரம்ஸில் இருக்கிறது. பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பிலிருந்து தப்பிக்க பேண்டு குழுவில் சேர்ந்த கேரன், டிரம்ஸில் மனதைப் பறிகொடுத்தார். டேவ் ப்ரூபெக் குழுவின் ஜோ மொரெல்லோ அவருக்குப் பிடித்த டிரம்ஸ் மேதை. 1966-இல் ஹாலிவுட் பவுல் போட்டியில் ரிச்சர்டின் மூவர் குழு வென்றபோது கேரன் வாசித்தது டிரம்ஸ்தான். பின்னாளில், பாடகி முன்னால் தெரிய வேண்டும் என்று அவரை மேடையின் முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. கையில் இருந்த தாளம் குரலில் தங்கியது: ஒரு சொல்லை எங்கே தள்ளிப் போடுவது, எங்கே அறுப்பது என்பதில் அவர் தடுமாறியதே இல்லை.

1972-இல் வந்த 'குட்பை டு லவ்' கேட்டால் தெரியும். மூச்சு விட இடமே இல்லாத நீண்ட வரிகள். கேரன் அலட்டிக்கொள்ளாமல் கடந்து போகிறார். நடுவே டோனி பெலூசோவின் கரகரத்த எலெக்ட்ரிக் கிதார் பாய்கிறது. ராக் பக்கம் விலைபோய்விட்டார்கள் என்று ரசிகர்கள் சிலர் திட்டிக் கடிதம் எழுதினார்களாம்.

மறுமதிப்பீடு எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. இரைச்சலுக்குப் பேர்போன சோனிக் யூத் குழு, 1990-இல் கேரனை நினைத்தே ஒரு பாட்டு செய்தது. 1994-இல் அதே குழுவும் க்ரான்பெரீஸ், ஷெரில் க்ரோ, ஜப்பானின் ஷோனென் நைஃப் முதலியோரும் சேர்ந்து கார்ப்பெண்டர்ஸ் பாடல்களை ஓர் அஞ்சலி ஆல்பமாகப் பாடினார்கள். ஃபில் ரமோன் தயாரிப்பில் கேரன் தனியாகப் பதிவுசெய்து, நிறுவனம் கிடப்பில் போட்ட ஆல்பம் 1996-இல்தான் கடைக்கு வந்தது.

வங்கி விளம்பரத்துக்கு வரி எழுதி, தானே பாடியும் கொடுத்த பால் வில்லியம்ஸின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)