கடல் கடந்து படிக்கச் செல்லும் பிள்ளைகளும் நவார் நாட்டு மாணவரும்

திருவண்ணாமலை வருவோரைக் கண்டு பழகிய ஊர். பௌர்ணமி தோறும் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பதற்கு மக்கள் திரள் திரளாக வருகின்றனர். மேனாட்டாரும் வந்து மாதக்கணக்கில் தங்குகின்றனர். பிரான்சு நாட்டுப் பெனடிக்டின் துறவியான அபிஷிக்தானந்தர் 1950-களில் இம்மலையின் குகைகளில் தனித்திருந்து தியானித்ததை நம் மூத்த தலைமுறையினர் அறிவர். ஆனால் இன்று நம் பங்குக் குடும்பங்களில் பேச்சு வருவோரைப் பற்றியதன்று, போவோரைப் பற்றியது. மகன் மேற்படிப்புக்காக வெளிநாடு போகிறான், மகள் போகிறாள் என்று ஆசீர் கேட்டு வரும் பெற்றோர் பெருகிவிட்டனர்.

அவர்களுடைய முகத்தில் பெருமையும் தெரிகிறது, கலக்கமும் தெரிகிறது. வங்கிக் கடனை எப்படி அடைப்பது என்பது ஒரு கலக்கம். அதைவிடப் பெரியது இன்னொன்று: போகுமிடத்தில் பிள்ளை ஞாயிறு திருப்பலியை மறந்துவிடுவானோ? திரும்பி வரும்போது நம்முடைய பிள்ளையாகவே வருவானோ? இக்கேள்விகளுக்கு விடை தேடும்போது, நம் தமிழ் மண்ணோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு மாணவருடைய வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் வட ஸ்பெயினில் பிறந்தவர். பிறநாடு சென்று படித்தவர். நம் வீடுகளில் அவர் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர்!

வட ஸ்பெயின் என்னும் நாடு

நம் மாணவர்களுள் சிலர் இப்போது ஸ்பெயின் நாட்டையும் நாடுகின்றனர். அங்கே கல்வி நிலையங்கள் பழமையானவை. சாலமன்கா பல்கலைக்கழகம் 1218-இலும், சந்தியாகு தே கொம்போஸ்தெலா பல்கலைக்கழகம் 1495-இலும், ஓவியேதோ பல்கலைக்கழகம் 1608-இலும் தோன்றியவை. பில்பாவோ நகரில் இயேசு சபையார் நடத்தும் தெயுஸ்தோ பல்கலைக்கழகம் 1886-இல் தொடங்கியது. பம்ப்லோனா நகரில் நவார் பல்கலைக்கழகத்தை 1952-இல் புனித யோசேமரியா எஸ்கிரிவா நிறுவினார். உலகின் பல நாடுகளிலிருந்தும் வரும் குருமாணவர்களும் அங்கே இறையியல் பயில்கின்றனர்.

பம்ப்லோனாவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறிய கோட்டை நிற்கிறது. அதன் பெயர் சவியேர். அங்கு வழங்கும் பாஸ்க் மொழியில் 'புதிய வீடு' என்று பொருள்படும் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். சவேரியார் என்று நாம் அழைப்பது அந்தப் புதுமனையின் பெயரையே.

போரில் இடிந்த வீடு

1506 ஏப்ரல் 7-ஆம் நாள் பிரான்சிஸ் சவேரியார் அக்கோட்டையில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். தந்தை சட்டம் கற்ற அறிஞர். நவார் அரசரின் ஆலோசனை மன்றத் தலைவர். 1512-இல் காஸ்தீல் நாட்டுப் படைகள் நவாரைக் கைப்பற்றின. 1515-இல் தந்தை இறந்தார். அப்போது சிறுவனுக்கு வயது ஒன்பது. மறு ஆண்டில் வெற்றி பெற்றவர்கள் கோட்டையின் கோபுரங்களையும் மதில்களையும் இடித்துத் தள்ளினர். தமையன்மார் இருவரும் இழந்த அரசுக்காகப் போரிட்டனர். தாய் மரியா கடன்களோடும் வழக்குகளோடும் போராடிக் குடும்பத்தைக் காத்தார்.

இந்த நிலையில்தான் கடைக்குட்டி படிப்பைத் தேர்ந்தார். 1525-இல், தம் 19-ஆம் வயதில், பாரீசு நகருக்குச் சென்று சாந்த் பார்பு கல்லூரியில் சேர்ந்தார். அவர் நாடியது புனிதம் அன்று, பட்டமும் பதவியும். இழந்த குடும்பப் பெருமையைப் படிப்பால் மீட்க வேண்டும் என்பதே எண்ணம். பம்ப்லோனா பேராலயத்தில் வருமானமுள்ள ஒரு பதவியைப் பெறுவதற்காக, 1531-இல் தம் உயர்குலப் பிறப்புக்குச் சான்றிதழ் கோரி ஊருக்கு எழுதினார். இதைப் படிக்கும் எந்தத் தகப்பனுக்கும் தாய்க்கும் இந்த ஆசை அந்நியமாகத் தோன்றாது. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் நம் வீடுகளிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. அந்தக் கணக்கைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அதோடு நின்றுவிடலாமா என்பதே கேள்வி.

ஒரே அறையில் பகைவர்

விடுதியில் அவருக்கு அறைத் தோழராக வாய்த்தவர் பியேர் ஃபாவர். சவோய் மலைநாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் ஆடு மேய்த்தவர். 1506-ஆம் ஆண்டிலேயே பிறந்தவராதலால் சவேரியாருக்கு ஒத்த வயதினர். கோட்டையில் பிறந்தவரும் ஆட்டுமந்தையின் பின் நடந்தவரும் ஒரே அறையில் படித்தனர், உற்ற நண்பராயினர். ஃபாவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் புனிதராக அறிவித்தார்.

1529-இல் அதே அறைக்கு மூன்றாமவர் ஒருவர் வந்தார். வயது முப்பத்தெட்டு இருக்கும். போரில் காலில் காயமுற்று நொண்டி நடப்பவர். பிச்சை எடுத்துப் படிப்பவர். அவரே லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் பம்ப்லோனா கோட்டையில் அவர் காயமுற்றபோது காஸ்தீல் தரப்பில் நின்று போரிட்டார். சவேரியாருடைய தமையன்மாரோ எதிர்த்தரப்பினர். தம் குடும்பத்தின் பகைவர் பக்கம் நின்றவரோடு ஓர் அறையில் உண்டு உறங்க வேண்டிய நிலை சவேரியாருக்கு ஏற்பட்டது.

தொடக்கத்தில் சவேரியார் அவரைப் பொருட்படுத்தவில்லை. இஞ்ஞாசியார் வாதிட்டு வெல்ல முயலவுமில்லை. 1530-இல் பட்டம் பெற்றுத் தத்துவம் கற்பிக்கத் தொடங்கிய சவேரியாருடைய வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துக் கொடுத்தார். பணமுடை நேர்ந்தபோது உதவினார். உலகை வென்றும் ஆன்மாவைத் தோற்பவனுக்கு என்ன மிஞ்சும் என்ற ஆண்டவரின் கேள்வியை அடிக்கடி நினைவூட்டினார் என்பது மரபு. 1535-இல் தமையனுக்கு எழுதிய மடலில் சவேரியார் நன்றியோடு இரண்டு செய்திகளைக் குறிப்பிடுகிறார்: இஞ்ஞாசியார் பணத்தாலும் நண்பர்களாலும் தமக்கு உதவினார், நல்லவராய்த் தோன்றிய தீயவர்களின் கூட்டுறவிலிருந்தும் தம்மை விலக்கிக் காத்தார்.

பெற்றோரே, இங்கே சற்று நிறுத்திச் சிந்தியுங்கள். கல்லூரியின் பெயரையும் கட்டணத்தையும் நாம் பலமுறை விசாரிக்கிறோம். பிள்ளை யாரோடு தங்கப் போகிறான் என்று விசாரிக்கிறோமா? சவேரியாரை மாற்றியது பேராசிரியரின் சொற்பொழிவு அன்று. ஓர் அறைத் தோழரின் பொறுமை. 1534 ஆகஸ்டு 15-இல், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, மோன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் நண்பர் எழுவர் வார்த்தைப்பாடு எடுத்தனர். அந்த விடுதி நட்பிலிருந்தே இயேசு சபை தோன்றியது. பம்ப்லோனாப் பதவியைச் சவேரியார் பிறகு நாடவில்லை.

காணாமற்போன கடைசி முகம்

பிறநாட்டுப் படிப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைச் சவேரியாரும் கொடுத்தார். பாரீசில் இருக்கும்போதே, 1529-இல், தாய் மரியா காலமானார். விடைபெற்ற நாளில் கண்ட முகமே கடைசியாகக் கண்ட முகம்.

1540-இல் உரோமையிலிருந்து லிஸ்பனுக்குப் பயணம் செய்த சவேரியார், அருகில் சென்றும் தாயைக் காணாமல் கடந்து போனார் என்று நம் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். தாய் இறந்து அப்போது பதினோராண்டுகள் ஆகிவிட்டன என்பதே வரலாறு. பாசத்தைத் துறந்தவர் என்று காட்டுவதற்காக அவரை இரக்கமற்றவராகச் சித்திரிக்க வேண்டியதில்லை. அவர் நம்மைப் போன்ற இதயம் படைத்தவரே. நண்பர்களின் கடிதங்களில் இருந்த கையெழுத்துகளை வெட்டியெடுத்துத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, வாரம் ஒருமுறையாவது தாயின் குரலைக் கேளுங்கள். ஸ்பெயின் நாட்டு நேரம் நம் நேரத்துக்குக் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கியது. அங்கே இரவு உணவு ஒன்பது மணிக்கு மேல்தான். நீங்கள் ஓய்ந்து அமரும் வேளையில் இங்கே நள்ளிரவு கடந்திருக்கும். உங்களுக்காக விழித்திருக்கும் கண்களை எண்ணி, வகுப்புக்குப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள்.

தாய்மொழியும் பிறமொழியும்

1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்த சவேரியார், அவ்வாண்டின் அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். இப்பொழுது அவர் ஆசிரியர் அல்லர், மீண்டும் மாணவர். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய மடலில், அம்மக்களின் மொழி தமக்கும் தம் மொழி அவர்களுக்கும் விளங்கவில்லை என்கிறார். தம் தாய்மொழி பாஸ்க் என்று அங்கே அவர் குறிப்பிடுவது கவனிக்கத் தக்கது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்தார், மனப்பாடம் செய்தார், கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தார். பாரீசில் அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைப் போதித்தவர், தமிழில் சிலுவை அடையாளத்தைத் திக்கித் திக்கிச் சொல்ல வெட்கப்படவில்லை.

பாஸ்க் மொழி வியப்புக்குரியது. ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு நிறுவப்படவில்லை. பிராங்கோவின் ஆட்சியில், அதாவது 1975 வரை, அம்மொழி பொதுவாழ்விலிருந்து ஒதுக்கப்பட்டது. வீட்டிலும் கோயிலிலும் மக்கள் அதைக் காத்தனர். 1986-இல் நவார் மாநிலச் சட்டம் அம்மொழிக்கு வட பகுதியில் அலுவல் உரிமை தந்தது. இன்று பிள்ளைகள் பள்ளியில் அதைக் கற்கின்றனர். ஸ்பானிய மொழி கற்கச் செல்லும் நம் மாணவர்கள் தங்கள் தமிழை மறந்துவிடலாகாது என்பதற்கு அந்நாடே பாடம்.

இன்றைய நவார்

அங்குச் செல்லும் நம் பிள்ளைக்கு எல்லாமே புதுமையாய் இராது. நம் மாவட்டத்தில் பொங்கலையொட்டி எருது விடும் விழா நடக்கிறதல்லவா? பம்ப்லோனாவில் புனித ஃபெர்மின் திருநாளையொட்டி, சூலை 7 முதல் 14 வரை நாள்தோறும் காலை எட்டு மணிக்கு, நகரத் தெருக்களில் காளைகளை ஓட விடுகின்றனர். இளைஞர் அவற்றின் முன் ஓடுகின்றனர். நம் காளைகள் வீடு திரும்புகின்றன. அங்குள்ளவை அன்று மாலையே அரங்கில் கொல்லப்படுகின்றன என்பது பெரிய வேறுபாடு. மூன்று இராசாக்கள் திருநாளன்று சிறுவர்க்குப் பரிசு கொடுப்பது அங்குள்ள வழக்கம்.

வருந்தத்தக்க மாற்றமும் உண்டு. பெரிய பெரிய ஆலயங்களில் ஞாயிறன்றும் முதியோரே மிகுதியாய் அமர்ந்திருக்கும் நிலையை மாணவர் காண்பர். 'இவ்வளவு பழைய கிறிஸ்தவ நாடே இப்படியானால்' என்று மனம் தளரக்கூடும். ஆனால் மார்ச்சு மாதத்தில் அதே நாட்டைக் காண வேண்டும். 1885-இல் காலரா நோய் வாட்டியபோது மக்கள் சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு, மறு ஆண்டு திருயாத்திரையாகச் சென்றனர். அவ்வழக்கம் வளர்ந்து, இன்றும் மார்ச்சு மாதத்தில் இளைஞரும் மாணவரும் ஆயிரக்கணக்கில் பம்ப்லோனாவிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் சவேரியார் கோட்டைக்கு நடந்தே செல்கின்றனர். வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகச் செல்லும் நம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அக்கோட்டைச் சிற்றாலயத்தில் மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபம் ஒன்று இருக்கிறது. சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உதடுகளில் மெல்லிய புன்னகை தெரிகிறது. சிறுவன் சவேரியார் அதன்முன் முழந்தாளிட்டு வளர்ந்தார்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, தரகர் சொல்லை நம்பி நிலத்தை விற்காதீர்கள். பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகைக்கு இந்திய மாணவரும் விண்ணப்பிக்கலாம். பெறும் பட்டம் நம் நாட்டில் ஏற்கப்படுமா என்று முன்னதாகவே உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது, மொழியைப் புறப்படும் முன்பே கற்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் வகுப்பறையில் உதவலாம். கடையிலும் மருத்துவமனையிலும் ஸ்பானிய மொழியே வேண்டும்.

மூன்றாவது, போய்ச் சேர்ந்த முதல் ஞாயிறன்றே அருகிலுள்ள ஆலயத்தைத் தேடச் சொல்லுங்கள். மொழி விளங்காவிட்டாலும் திருப்பலி விளங்கும். முதல் மாதத்தில் விட்ட பழக்கம் பிறகு எளிதில் திரும்புவதில்லை.

நான்காவதும் முக்கியமானதும் இது: பிள்ளை அனுப்பும் பணத்தைக் கொண்டு மட்டும் அவன் படிப்பை அளக்காதீர்கள். நம் கடற்கரையில் உழைத்த அனுபவத்தோடு சவேரியார் 1544-இல் எழுதிய அதே மடலில் ஓர் ஏக்கம் வெளிப்படுகிறது. ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, சிறப்பாகப் பாரீசுக்குச் சென்று, புத்தி பேதலித்தவனைப் போல உரக்கக் கூவ வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக எழுதுகிறார். ஏராளமாகக் கற்றும் அக்கல்வியைப் பிறர்க்குப் பயன்படுத்த மனமில்லாதவர்களின் காதில் விழும்படி கூவ வேண்டுமாம். தாம் படித்த கல்லூரியை அவர் பழிக்கவில்லை. கற்றது யாருக்காக என்றே கேட்கிறார்.

மார்ச்சு 4 முதல் 12 வரை சவேரியாரின் நவநாள் வருகிறது. டிசம்பர் 3 அவருடைய திருநாள். அந்நாள்களில் குடும்பச் செபத்தின்போது, வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படையுங்கள். அவர்கள் நல்ல பட்டம் பெற வேண்டும் என்று மன்றாடுங்கள். அதோடு, அவர்களுக்கு நல்லதோர் அறைத் தோழன் கிடைக்க வேண்டும் என்றும் மன்றாடுங்கள்.