சங்கிலியும் பெல்டும் மூலையில் கிடக்கலாமா?

லொறி வைத்துத் தொழில் செய்யும் நாம் டயருக்கும் எஞ்சினுக்கும் காட்டும் கவனத்தைச் சுமை கட்டும் சங்கிலிக்கும் பெல்டுக்கும் காட்டுவதில்லை. கராஜ் மூலையில் குவித்துப் போடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் இரும்புக் கம்பி ஏற்றிச் செல்கையில் பெல்ட் அறுந்தது. பின்னால் எவரும் வராததால் தப்பினோம். அந்த பெல்ட் பல மாதங்கள் வெயில்படும் ஜன்னலோரத்தில் கிடந்தது.

10 மில்லிமீற்றர் சங்கிலி, மீற்றருக்குச் சுமார் 2 கிலோ நிறை வரும். 6 மீற்றர் என்றால் 12 கிலோ. ஆகவே தலைக்கு மேல் மாட்டாதீர்கள். இடுப்பளவு உயரத்தில் இரு தூண்களுக்கிடையே தடித்த இரும்புக் குழாயைப் பொருத்தித் தொங்கவிடுங்கள். ஈரத்தரையில் கிடந்தால் கறள் பிடிக்கும்.

நனைந்த பெல்டை நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். வெயிலும் பற்றரி அசிட்டும் நைலோனை உக்கச் செய்யும். ரெச்சட்டுக்கு ஒரு துளி ஒயில் போதும், பெல்டில் படக்கூடாது.

வெட்டுப்பட்ட பெல்டையும், வளையம் நீண்ட சங்கிலியையும் "பிறகு பார்ப்போம்" என்று வைக்காமல் அன்றே துண்டாக்கி அப்புறப்படுத்துங்கள். அவசரத்தில் வேலையாளின் கைக்கு அதுதான் அகப்படும். ஒரு பெல்டின் விலையை மிச்சம் பிடிக்கப்போய், ஓர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டி வரலாம்.