தலசீமியா: அணைந்துபோன சுவிச்சைத் தேடி

மாத்தளைக்கு அடுத்த மாவட்டமான குருநாகலின் போதனா வைத்தியசாலையில் தலசீமியாவுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. இந்நோயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு உடம்பில் தேங்கும். அதை வெளியேற்ற வேறு மருந்து. அந்த உம்மாமாரின் அலைச்சலை அவர்கள்தான் அறிவார்கள்.

கருவறையில் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே இருப்பது வேறு வகை ஈமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் உடம்பு அதை அணைத்துவிடுகிறது. நோய் அப்போதுதான் தலைகாட்டுகிறது.

அணைப்பது பி.சி.எல். 11ஏ என்ற மரபணு என்று 2008இல் தெரிந்தது. அதை முழுவதும் நீக்கவும் முடியாது. உடம்பின் மற்ற வேலைகளுக்கு அது தேவை. இரத்தத்தில் மட்டும் அதை இயக்கும் சுவிச் எங்கே?

நம் மரபுப் பொருளில் புரதம் செய்யும் குறிப்பு ஏறக்குறைய 2 சதவீதமே. மீதியைக் குப்பை என்றே பலர் ஒதுக்கியிருந்தார்கள். சுவிச் அந்தக் குப்பையில்தான் இருந்தது. கறித்தூளில் எந்தச் சரக்கு என்ன செய்கிறதென்று அறிய, ஒரு தடவை மிளகை விட்டு, ஒரு தடவை சீரகத்தை விட்டு அரைத்துப் பார்ப்போமல்லவா? 2015இல் போஸ்டன் ஆய்வாளர்கள் அதையே செய்தார்கள். ஒரு கலத்தில் ஓரிடம் என்று நூற்றுக்கணக்கான இடங்களை வெட்டி, எந்தக் கலத்தில் சிசு ஈமோகுளோபின் திரும்புகிறதென்று பார்த்தார்கள். சின்னஞ்சிறு இடமொன்று அகப்பட்டது.

புரதம் செய்யாத ஆர்.என்.ஏக்களையும் இப்படித்தான் சோதிக்கிறார்கள். 2017இல் கலிபோர்னியாவில் 16,000க்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்ததில், கலத்தின் வளர்ச்சிக்குத் தேவைப்பட்டவை 499. அவற்றிலும் பெரும்பாலானவை ஒரேயொரு வகைக் கலத்துக்கு மட்டும். எல்லாம் குப்பை என்றது அவசரம். எல்லாவற்றின் பயனையும் விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குவதும் அவசரந்தான்.

அந்தச் சுவிச்சை வெட்டும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. அமெரிக்காவில் அதன் விலை ஒருவருக்கு 22 இலட்சம் டொலர்!

நமக்கு எட்டுவது கலியாணத்துக்கு முந்திய இரத்தப் பரிசோதனை. வாப்பா, உம்மா இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலிலொரு பங்கு ஆபத்து. சொந்தத்துக்குள் முடிக்கும்போது இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்புக் கூடும். "உன் பக்கத்து இரத்தம்" என்று மருமகளை ஏசும் மாமிமாரே, இரு பக்கமும் கொடுக்காமல் இந்நோய் வராது.

காவிக்கு நோய் தெரியாது; சிலருக்குச் சற்று இரத்தச்சோகை இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை தொடர்ந்து எடுத்தும் இரத்தம் கூடவில்லையென்றால், தலசீமியாவுக்குப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.