படுக்கை நோயாளரும் உறிஞ்சு விரிப்பும்

மக்கள் வாழ்நாளின் இரு முனைகளுக்கும் ஓர் ஒப்புமை உண்டு. மழலைப் பருவத்தில் சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் ஆற்றல் இன்னும் வந்திலது. மூப்பிலும் நோயிலும் வந்த ஆற்றல் சிலருக்கு நீங்கிவிடுகின்றது. ஆயினும் தொட்டிலை நனைத்த குழவியைக் கண்டு நகைக்கும் நாமே, கட்டிலை நனைத்த பாட்டனாரைக் கண்டு முகஞ் சுளிக்கின்றோம். பக்கவாதம், முதுகுத்தண்டின் காயம், நீரிழிவு, மறதிநோய், பிள்ளைப்பேற்றால் தளர்ந்த தசை, ஆடவர்க்கு முதுமையில் வீங்கும் புராஸ்டேட் சுரப்பி ஆகிய இவையே இந்நிலைக்குப் பெரும்பாலும் காரணங்களாம். ஆகவே இது நோயின் குறியேயன்றி ஒழுக்கத்தின் குறையன்று. இதனை முதற்கண் உணர்தல் வேண்டும்.

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் போன்றதோர் ஊரில், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரைப் பேணும் பொறுப்பு மருத்துவமனையைச் சார்ந்ததன்று. வீட்டாரையே, அதிலும் பெரும்பாலும் மனைவியையோ மகளையோ மருமகளையோ சார்ந்தது. பழம்புடைவையையும் கிழிந்த வேட்டியையும் மடித்து விரித்து, நனையுந்தோறும் மாற்றித் துவைத்து உலர்த்துதலே நம் முன்னோர் கண்ட வழி. 1823-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் என்பார் இரு துணிகளுக்கிடையே ரப்பரைப் பூசி, நீர் புகாத துணிக்கு உரிமை பெற்றார். ஆஸ்பத்திரிகளில் தாதியர் இன்றும் ‘மெக்கின்டாஷ்’ என வழங்கும் ரப்பர் விரிப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தாதியர் பள்ளியைத் தொடங்கிய காலந்தொட்டு, நோயாளியின் படுக்கையைச் செம்மை செய்தல் மிஷன் மருத்துவமனைகள் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்றாம். ரப்பர் விரிப்பு மெத்தையைக் காக்கும். ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. ஈரம் மேலேயே நின்று நோயாளியின் உடலை நனைக்கும். இக்குறையை நீக்க வந்ததே, மருந்துக் கடைகளில் ‘அண்டர்பேட்’ என விற்கப்படும், ஒருமுறை பயன்படுத்தி நீக்கும் உறிஞ்சு விரிப்பு.

இதன் அமைப்பு எளியது. உடலைத் தொடும் மேற்புறம், நெய்யாது ஒட்டிச் செய்த மெல்லிய துணி. நீரைக் கீழே விடும். நடுவே மரக்கூழினின்று செய்த பஞ்சு. அப்பஞ்சினூடே, விலையுயர்ந்த விரிப்புக்களில், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் வெண்ணிறப் பொடி கலந்திருக்கும். அடிப்புறம் நீர் புகாத பிளாஸ்டிக் தாள். 60 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அளவே பெரிதும் வழக்கிலுள்ளது.

அப்பொடியின் இயல்பு வியக்கத்தக்கது. நீர் பட்டவுடன் அதன் நுண்ணிழைகள் ஒன்றையொன்று விலக்கி விரிந்து, நீரை உள்ளே ஈர்த்துக் கூழாக உறைந்துவிடும். பிழிந்தாலும் எளிதில் விடாது. தூய நீராயின் தன் எடையைப் போல் பன்னூறு மடங்கு ஏற்கும். சிறுநீரிலுள்ள உப்போ அவ்விரிவைத் தடுத்தலின், பன்மடங்கு குறைவாகவே ஏற்கும். கூரத்தின் பல்லவச் செப்பேடு, பாலாற்றினின்று வாய்க்கால் வழியாக நீர் பெற்ற ஓர் ஏரியைக் குறிக்கின்றது. அவ்வுவமையாற் கூறின், விரிப்பிலுள்ள பஞ்சு வாய்க்கால், பொடியே ஏரி. வாய்க்கால் நீரைப் பரப்பும். ஏரி தேக்கி வைக்கும். பொடியில்லாத மலிவான விரிப்போ, மேலே பாரம் அழுந்துங்கால் உறிஞ்சிய நீரில் ஒரு பகுதியைத் திரும்ப உமிழும்.

ஈரம் நீங்குதல் தூய்மைக்கு மட்டுமன்று, தோலைக் காத்தற்கும் இன்றியமையாதது. நலமுள்ள தோல் சிறிது புளிப்புத் தன்மையுடையது. சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்ற, அத்தன்மை கெடுகின்றது. மலம் கலப்பின் தோல் விரைவிற் புண்படும். ஊறிய தோல் அழுத்தத்தாலும் உராய்வாலும் எளிதிற் கிழிந்து, படுக்கைப் புண்ணுக்கு வழிகோலும்.

இனிப் பயன்படுத்தும் முறை. பிளாஸ்டிக் புறம் கீழாக, சுருக்கமின்றி, இடுப்பின் கீழே ஒரு விரிப்பே இடுக. மிகுந்த காப்பென எண்ணி ஒன்றன்மேலொன்றாக அடுக்கின், வெப்பமும் வியர்வையும் மிகுந்து தீங்கே விளையும். நனைந்தவுடன் மாற்றுக. நோயாளியை ஒருபுறம் சாய்த்துப் பழையதைச் சுருட்டி நீக்கிப் புதியதைப் பரப்பலாம்; விரிப்பைப் பற்றி நோயாளியை இழுத்தலாகாது, அது கிழிந்துபோம். தோலைத் தேய்க்காது கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாகக் களிம்பை மெல்லெனப் பூசுக. விரிப்பு எத்துணை உயர்ந்ததாயினும், ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் கடமையினின்று அது நம்மை விடுவிக்காது.

நாள்தோறும் பல விரிப்புக்கள் வாங்குதல் கூலித் தொழிலாளர் குடும்பத்திற்கு அரிது. பகலில் ரப்பர் விரிப்பின்மேல் துவைத்த பருத்தித் துணியும், இரவில் உறிஞ்சு விரிப்பும் இடுதல் தக்கதோர் நடுவழி. பேணுபவரும் மனிதரன்றோ? அவருக்கும் உறக்கம் வேண்டும்.

நீக்கிய விரிப்பை என் செய்வது? பிளாஸ்டிக்கும் பொடியும் மண்ணில் எளிதில் மக்கா, எரித்தால் நச்சுப்புகை, கழிப்பிடத்தில் இட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும், ஏரிக்கரையில் எறிந்தால் மாடும் நாயும் இழுத்துப் பரப்பும். மலத்தைக் கழிப்பிடத்திலிட்டு, நனைந்த முகம் உள்ளாகச் சுருட்டித் தாளிற் பொதிந்து, தூய்மைக் காவலரிடம் தனியே அளித்தலே முறை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இத்தகைய கழிவைப் பொதிந்தே தருமாறு பணித்தன. அவரும் தம் கைகளாலேயே அதனை எடுக்கின்றார் என்பதை மறவாதிருப்போமாக.

இறுதியாக ஒன்று. படுக்கை நனையும் என்று நாணி, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியோர் பலர். அதனால் சிறுநீர் செறிந்து எரிச்சலும் மலச்சிக்கலும் மிகுந்து நோய் பெருகுமேயன்றிக் குறையாது. காரணத்தை மருத்துவர் ஆராயின், பலருக்கு முற்றிலுமோ ஓரளவோ தீர்வு உண்டு. தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் இல்லந்தேடி வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தத்தம் தெருவில் இத்தகைய இல்லம் ஒன்றேனும் இருப்பின், அங்குச் சென்று இச்செய்திகளை எடுத்துரைப்பாராக. இயலுமேல், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க ஒரு கை கொடுப்பாராக. கல்லூரியிற் கற்ற கல்வி, கட்டிலிற் கிடப்பார்க்கும் பயன்படுதல் நன்று.