துரோகி என்று யாரைச் சொல்வது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள வன்னியம்பட்டியில் இருக்கிறது எங்கள் பூர்விக வீடு. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு 1972-இல் அரசு வழங்கிய தாமிரப் பட்டயம் அதன் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. அது என் தாத்தாவுடையது. அவருடைய தம்பி, இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய இந்திய ராணுவத்தில் பணியாற்றியவர். அவருடைய பதக்கங்கள் டிரங்குப் பெட்டியில் பழைய வேட்டிகளுக்கு அடியில் கிடந்தன.

போருக்கு எதிராக முழக்கமிட்டுத் தாத்தா சிறை சென்றார். அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பெரிந்தது, சின்னத் தாத்தா அனுப்பிய மணியார்டரால்தான். ஆயினும் ஊரில் சிலர் அவரைத் துரோகி என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் அவருக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு விடை காண, தாத்தா பங்கேற்ற தனிநபர் சத்தியாகிரகத்தின் தன்மையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியத் தலைவர்களைக் கலந்து பேசாமலேயே, 1939 செப்டம்பரில் இந்தியாவையும் போரில் ஈடுபடுத்துவதாக வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். அதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. ஆனால், ஹிட்லரை எதிர்த்து நிற்கும் பிரிட்டனை அந்த வேளையில் பெருந்திரள் போராட்டத்தால் நெருக்குவதற்குக் காந்தியடிகள் தயங்கினார். எனவே அவர் தேர்ந்தெடுத்தது தனிமனிதரின் எதிர்ப்பு. 1940 அக்டோபர் 17 அன்று வினோபா பாவே அதைத் தொடங்கிவைத்தார். போருக்கு ஆளும் பொருளும் கொடுத்து உதவுவது தவறு என்று வெளிப்படையாகப் பேசும் உரிமையே அதன் கோரிக்கை. சத்தியாகிரகி தாம் பேசப்போகும் இடத்தையும் நேரத்தையும் அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுச் சிறை சென்றார்.

தனியொருவர் தம் மனசாட்சியின்படி பேசலாம் என்பதே அங்கே முன்வைக்கப்பட்ட வாதம். அதை ஏற்றுக்கொண்டால், வேறொரு மனசாட்சியின்படியோ, குடும்பத்தின் வறுமையாலோ ராணுவத்தில் சேர்ந்தவரைத் துரோகி என்று சொல்ல இடமில்லை.

இப்போராட்டத்தில் எங்கள் மாவட்டத்துக்கும் முக்கியப் பங்கு உண்டு. தமிழ்நாடு காங்கிரஸின் தலைவராக இருந்த விருதுநகர் காமராஜர், சத்தியாகிரகிகளின் பட்டியலுக்குக் காந்தியடிகளின் ஒப்புதலைப் பெற வார்தா செல்லும் வழியில், 1940 டிசம்பரில் குண்டூரில் கைது செய்யப்பட்டார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ், விசாரணையின்றி வேலூர் சிறையில் வைக்கப்பட்டார். அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அப்பதவியிலிருந்து விலகினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. அவரைச் சிறைவைத்த விதிகள் குறித்த வரலாறு அந்த அளவுக்கு அறியப்படவில்லை. தடுப்புக் காவலுக்கு வழிசெய்த 26-ஆவது விதி சட்டத்துக்கு முரணானது என்று 1943-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசோ உடனே ஓர் அவசரச் சட்டத்தால் அக்குறையைச் சரிசெய்துகொண்டது.

விசுவாசம் பிளவுபட்டது எங்கள் வீட்டில் மட்டுமன்று. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஏற்காமல் ராஜாஜி காங்கிரஸிலிருந்து விலகினார். அவருடைய கணிப்பு சரியா, தவறா என்று விவாதிக்கலாம். அவருடைய நாட்டுப்பற்றை ஐயுற முடியுமா? 1945 நவம்பரில் செங்கோட்டையில் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மூவர் மீது வழக்கு நடந்தபோது, இதே கேள்வி சட்ட வடிவம் பெற்றது. மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தவர்கள், நாட்டின் விடுதலைக்காக அதை மீறலாமா? அடிமைப்பட்ட மக்களை அந்த உறுதிமொழி கட்டுப்படுத்தாது என்று வாதிட்டார் புலாபாய் தேசாய். நீதிமன்றம் மூவரும் குற்றவாளிகள் என்றது. ஆனால், அவர்களுக்கு விதித்த ஆயுள் தண்டனையைத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்ய நேர்ந்தது. அவர்களை வீரர்களாகவே நாடு வரவேற்றது.

கதை 1947-உடன் முடிந்திருந்தால் மனம் நிறைந்திருக்கும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் எங்கள் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ.ச. குமாரசுவாமி ராஜா. அவர் காந்தியவாதி, எளிமைக்குப் பெயர் பெற்றவர். அவர் ஆட்சியில்தான், 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் மாண்டனர். 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் மாகாணத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. அந்தத் தடை செல்லாது என்று 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் சிறைப்பட்ட ஏ.கே. கோபாலன், சுதந்திர இந்தியாவிலும் விசாரணையின்றி அடைக்கப்பட்டு வழக்குத் தொடர்ந்தார். அதில் பெரும்பான்மை நீதிபதிகள் தடுப்புக் காவல் சட்டத்தின் முக்கியப் பகுதிகள் செல்லும் என்றனர்.

நல்ல மனிதர்கள் ஆட்சிக்கு வந்தாலே உரிமை காக்கப்பட்டுவிடும் என்று நம்புவதற்கில்லை என்பதையே இது உணர்த்துகிறது. அந்நியரிடம் நாம் கேட்டுப் பெற்ற உரிமையை, நமக்கு உடன்பாடில்லாத நம்மவருக்கும் கொடுக்க வேண்டும். கம்யூனிஸ்டுகளின் வழிமுறைகளை ஏற்காதவர்களும், விசாரணையின்றி அவர்களைச் சிறையில் அடைப்பதை எதிர்த்திருக்க வேண்டும்.

இன்றும் அரசின் ஒரு முடிவைக் குறைகூறுபவரைத் தேசத் துரோகி என்று முத்திரை குத்துவது எளிதாகிவிட்டது. அவ்வாறு சொல்பவர்கள், 1940-இல் போருக்கு எதிராகப் பேசிய சத்தியாகிரகிகளையும் அன்றைய அரசு அப்படித்தான் பார்த்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் தாத்தா தம் தம்பியை ஒருபோதும் துரோகி என்று சொன்னதில்லை. தம்பியும் அண்ணனைப் பிழைக்கத் தெரியாதவர் என்று பழித்ததில்லை. இருவரும் கடைசிவரை ஒரே திண்ணையில் அமர்ந்து, ஒரே செய்தித்தாளைப் பங்கிட்டுப் படித்து, அரசியல் பேசிச் சண்டையிட்டார்கள். கடந்த பொங்கலுக்கு ஊருக்குச் சென்றபோது, பெட்டியிலிருந்த பதக்கங்களைத் துடைத்துப் பட்டயத்தின் அருகே மாட்டிவைத்தேன். அவை எப்போதோ அங்கே இடம்பெற்றிருக்க வேண்டியவை.