ஆலயம் இழந்தோரிடையே உறையும் இறைவன்

ஊரை விட்டுப் பெயர்ந்தோர் வீட்டையும் வயலையும் மட்டும் இழப்பதில்லை. தலைமுறையாய்த் தொழுத ஆலயத்தையும் பின்னே விட்டுச் செல்கின்றனர். அவ்வாலயம் இல்லாத நாட்டில் இறைவன் எங்கே? விசுவாசிகளுக்குள்ளே இறைவன் வாசஞ் செய்கின்றார் என்னும் கிறிஸ்தவக் கோட்பாட்டின் வேர்கள் இவ்வினாவில் ஊன்றியுள்ளன.

எகிப்தின் அடிமைத்தளையினின்று மீண்ட இஸ்ரவேலர் பாலைநிலத்தில் அலைந்த காலத்தில் அவர்களுடைய திருத்தலம் ஒரு கூடாரமே என்கிறது வேதாகமம். மக்கள் பெயர்ந்தால் அதுவும் பெயரும். பின்னர் சாலொமோன் எருசலேமில் கல்லால் ஆலயம் எழுப்பினான். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அதனை எரித்தழித்தனர்.

அதற்கு முன்னரே, கி.மு. 597 இல், பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டோருள் எசேக்கியேலும் ஒருவர். இறைவனின் மகிமை ஆலயத்தை விட்டு வெளியேறுவதை அவர் தரிசனத்திற் கண்டார். எனினும், சிதறுண்ட மக்கள் சென்ற நாடுகளிலே தாமே அவர்களுக்குச் சிறிய திருத்தலமாய் இருப்பதாக இறைவன் உரைத்தாரென அவருடைய நூலின் 11 ஆம் அதிகாரம் கூறுகின்றது. தமது ஆவியை அவர்களின் உள்ளத்தில் வைப்பதாக 36 ஆம் அதிகாரம் வாக்களிக்கின்றது. ஆலயத்தை இழந்த மக்களுக்கே இவ்வாக்குறுதி அருளப்பட்டது என்பது சிந்தனைக்குரியது.

இவ்வாக்குறுதி நிறைவேறிற்று எனப் போதித்தவர் பவுல். கி.பி. 50 அளவில் அவர் கொரிந்து நகரில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் யூதத் தம்பதியரின் வீட்டில் தங்கினார். கிலவுதியு பேரரசனின் கட்டளையால் உரோமாபுரியினின்று வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். மூவருக்கும் கூடாரஞ் செய்தலே தொழில். பிற்காலத்தில் இத்தம்பதியரின் இல்லமே விசுவாசிகள் கூடும் சபையாயிற்று.

பின்னர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில், அவர்களே இறைவனின் ஆலயம் என்றும், இறைவனின் ஆவி அவர்களுக்குள் வாசமாயிருக்கின்றது என்றும் பவுல் வலியுறுத்தினார். 6 ஆம் அதிகாரத்தில் விசுவாசியின் உடலையே பரிசுத்த ஆவியின் ஆலயம் என்கிறார். ஆயின் 3 ஆம் அதிகாரத்தில் அவர் விளித்தது தனியொருவரை அன்று. கிரேக்க மூலத்திலுள்ள சொல் பன்மையே; ஆலயம் என்பது முழுச் சபையையும் குறிக்கின்றது.

இதற்குக் காரணம் இருந்தது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் எனக் கொரிந்தியர் பிளவுண்டிருந்தனர். திருவிருந்துக்கெனக் கூடியபோதும் சிலர் வயிறார உண்ண, இல்லாதோர் பசித்திருந்தனர். எனவே இறைவன் உள்ளே வாசஞ் செய்கின்றார் என்ற செய்தி ஆறுதலாக மட்டும் அமையவில்லை. இவ்வாலயத்தைக் கெடுப்பவன் இறைவனின் தீர்ப்புக்கு ஆளாவான் என்ற எச்சரிக்கையும் அதனுடன் வந்தது.

புலம்பெயர்ந்த எமக்கும் இஃது ஒரு கேள்வியை முன்வைக்கின்றது. வாடகை மண்டபத்தில் கூடி வழிபடுவதால் இறைவனின் சந்நிதி குறைந்துவிடாது. ஆனால் ஊர், சாதி, சபைப் பிரிவு என்னும் பழைய சுவர்களை அம்மண்டபத்துள்ளும் எழுப்புவோமாயின், எவ்வாலயத்தை நாம் கட்டுகின்றோம்? ஒருவரிலொருவர் அன்பு கூர்ந்தால் இறைவன் நமக்குள் நிலைத்திருக்கின்றார் என்பது யோவானின் முதலாம் நிருபம் தரும் உரைகல். அடுத்த ஞாயிறு கடைசி வரிசையில் தனித்து நிற்கும் புதிய குடும்பத்தின் அருகே சென்றமர்ந்து நலம் விசாரிப்பதும் ஆலயத் திருப்பணியே.