வெள்ளிப் பேண்டுகளின் துடைதுணி

வட இங்கிலாந்தின் ஆலை ஊர்களிலும் சுரங்க ஊர்களிலும் 'சில்வர் பேண்ட்' என்று பெயர் வைத்துக்கொண்ட இசைக்குழுக்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் ஊதுவது பித்தளையில் செய்த கார்னெட், டெனர் ஹார்ன், யூபோனியம், டியூபா. மேலே பூசியிருப்பதுதான் வெள்ளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த முலாம் ஒரு பேண்டின் அந்தஸ்து. நெசவாலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் ஊரில் பணம் திரட்டி, மீதியைத் தவணையில் கட்டி, வெறும் பித்தளை வாத்தியங்களுக்குப் பதில் வெள்ளி வாத்தியங்கள் வாங்கினார்கள். அந்தப் பெருமையைக் காப்பாற்றும் வேலை துடைதுணியின் தலையில் விழுந்தது.

வெள்ளியை மின்சாரத்தால் படிய வைக்கும் முறைக்கு 1840இல் பர்மிங்காமின் எல்கிங்டன் உறவினர்கள் காப்புரிமை பெற்றார்கள். சயனைடு கரைசலில் வெள்ளி சீராகப் படியும் என்று கண்டு சொன்னவர் ஜான் ரைட் என்ற மருத்துவர். வாத்தியத்தை அந்தக் கரைசலில் முக்கி மின்சாரம் செலுத்தினால் வளைவு, மடிப்பு எங்கும் வெள்ளி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அப்படி ஒட்டும் படலம் தலைமுடியைவிட மெல்லியது. மெருகு போடுவது பற்றிய எல்லாச் சண்டையும் இந்த மெல்லிய கனத்தில்தான் தொடங்குகிறது.

அன்று காற்றே எதிரி. அடுப்பு, ஆலைக் கொதிகலன், ரயில் எஞ்சின் எல்லாம் நிலக்கரியில் ஓடின. அறைகளில் எரிந்தது நிலக்கரி வாயு விளக்கு. இவற்றிலிருந்து வரும் கந்தகச் சேர்மங்கள், குறிப்பாக ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியைத் தொட்டால் வெள்ளி சல்பைடாக மாறும். முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கறுப்பு. போட்டிக்கு அப்படிக் கறுத்த வாத்தியத்தோடு போக முடியாது. மான்செஸ்டரின் பெல் வியூவில் 1853இல் தொடங்கிய பேண்டுப் போட்டியில் ஆயிரக்கணக்கான கண்கள் மேடையைப் பார்த்தன. 1884 முதல் சாடில்வொர்த் பக்கத்து ஊர்களில் நடந்துவரும் விட் ஃப்ரைடே போட்டியில் தெருவில் அணிவகுத்துச் செல்லும்போது நடை, உடை, தோற்றத்துக்கும் பரிசு வைப்பார்கள். கறுத்த யூபோனியம் ஊருக்கே அவமானமாகத் தெரிந்திருக்கும்.

எதை வைத்துத் தேய்த்தார்கள்? சுண்ணாம்புப் பொடியைச் சாராயத்திலோ தண்ணீரிலோ குழைத்துத் தேய்ப்பது பழைய வழி. நம் வீட்டில் வெள்ளி விளக்கை விபூதி தொட்டுத் துலக்குகிறோமே, வேலை அதேதான்: நுண்ணிய துகள் கறுப்பை உராய்ந்து எடுக்கிறது. மெருகு தர இரும்பு ஆக்சைடால் ஆன சிவப்புப் பொடியும் உண்டு. இன்னொரு வகைப் பொடியில் பாதரசம் கலந்திருந்தது. அது கண்ணைப் பறிக்கும் பளபளப்பை நொடியில் தரும், வெள்ளியையும் சேர்த்தே அரிக்கும். லெஸ்டர் நகரின் ஜோசப் காடர்ட் 1839இல் பாதரசம் இல்லாத பொடி ஒன்றை விற்கத் தொடங்கினார். பிறகு 1905இல் ஹல் நகரின் ரெக்கிட் நிறுவனத்திலிருந்து பித்தளைக்கு பிராஸோ வந்தது. அதே நிறுவனம் வெள்ளிக்கென சில்வோ செய்தது. பித்தளைக்கான பிராஸோவை வெள்ளியில் போடுவது தவறு. அது முலாமுக்கு அளவுமீறிக் கரடுமுரடானது.

இந்த உழைப்பின் விலையைப் பழைய வாத்தியங்களில் கண்ணால் பார்க்கலாம். இடது கை பிடிக்கும் வால்வுக் கூட்டில் வெள்ளி போய் மஞ்சள் தெரியும். விரிந்த வாயில் பொறித்த பேண்டின் பெயரும் பதக்கங்களும் விரலால் தடவினால்கூடப் புலப்படாத அளவு மழுங்கியிருக்கும். கறுப்பு என்பது வெள்ளியின் மேல் வந்து படிந்த அழுக்கு இல்லை, வெள்ளியே மாறிய வடிவம். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகிறது. நேசத்தோடு தேய்த்துத் தேய்த்தே அந்தப் பேண்டுகள் தங்கள் வெள்ளியைக் கரைத்தன. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காற்றில் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

காற்று மாறியது. லண்டனின் 1952 புகைமூட்டத்துக்குப் பின் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. கிரைம்தோர்ப் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அதன் பெயரைச் சுமக்கும் பேண்டு இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பரில் அணைந்தது. இப்போது வெள்ளி மெதுவாகத்தான் கறுக்கிறது. கையின் வியர்வை, பெட்டிக்குள் கிடக்கும் ரப்பர், கம்பளித் துணி என்று சின்னக் காரணங்களே மிச்சம்.

அதனால் துடைப்பவரின் கையும் மென்மையாகிவிட்டது. ஊதி முடித்ததும் பருத்தித் துணியால் வியர்வையைத் துடைத்து, பெட்டிக்குள் கந்தகத்தை உறிஞ்சும் தாள் ஒன்றைப் போட்டு மூடிவிடுகிறார்கள். மெருகுப் பசை அபூர்வமாகவே வெளியே வருகிறது. முக்கியெடுத்தால் நொடியில் வெளுக்கும் திரவமும் கிடைக்கிறது. தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்த அதை நான் எந்த வாத்தியத்துக்கும் சொல்லமாட்டேன். முலாமின் கீறலில் புகுந்து பித்தளையைத் தொடும், இணைப்புகளில் தங்கிவிடும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் முக்கும் உபாயம் கரண்டிக்குச் சரி, வால்வும் ஃபெல்ட் மெத்தையும் உள்ள வாத்தியத்துக்குச் சரிவராது. அருங்காட்சியகத்தார் இன்னும் எச்சரிக்கையானவர்கள்: கையுறை மாட்டிக்கொண்டு, நுண்ணிய சுண்ணாம்புத் தூளைத் தூய நீரில் குழைத்து, தேவையான இடத்தில் மட்டும் தொடுவார்கள். பழைய பொடிதான், கைதான் வேறு.

ஆனால் உண்மையான மாற்றம் உள்ளே நடந்திருக்கிறது. வெளியே முகம் தெரியத் தேய்த்த காலத்தில் குழாயின் உட்புறம் பலருக்கும் இரண்டாம்பட்சம். மூச்சின் ஈரம், எச்சில், எண்ணெய், சாப்பாட்டுத் துணுக்கு எல்லாம் உள்ளே பச்சையாகப் படியும். மவுத்பீஸ் செருகும் முதல் குழாயில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் எஞ்சி, சுவர் உளுத்துப்போகும். பழுதுபார்ப்பவர்கள் இதை 'ரெட் ராட்' என்கிறார்கள். வெளியே வெள்ளி பளபளக்கும்போதே உள்ளிருந்து இந்த நோய் தின்றுகொண்டிருக்கும். மருத்துவ உலகமும் 2010இல் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மருத்துவர்கள் 15 ஆண்டு இருமலோடு வந்த ஒரு ட்ராம்போன் கலைஞரைப் பற்றி 'செஸ்ட்' இதழில் எழுதினார்கள். வாத்தியத்துக்குள் வளர்ந்த பாக்டீரியாவும் பூஞ்சையும் அவர் நுரையீரலை ஒவ்வாமைக்கு ஆளாக்கியிருந்தன. ஒழுங்காகச் சுத்தம் செய்யத் தொடங்கியதும் இருமல் நின்றது.

இன்று கற்றுத் தருபவர்கள் பாடத்தோடு குளியலையும் சொல்கிறார்கள். வால்வுகளைக் கழற்றி, ஃபெல்ட் நனையாமல் எடுத்துவைத்து, குழாய்களை வெதுவெதுப்பான நீரில் இரண்டு துளி பாத்திரச் சோப்போடு ஊறவிட்டு, நெளியும் தூரிகையை ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஓட்டி, அலசி, உலர்த்தி, ஸ்லைடுகளுக்குக் கிரீஸும் வால்வுகளுக்கு எண்ணெயும் போட வேண்டும். கொதிநீர் கூடாது. மவுத்பீஸை இதைவிட அடிக்கடி கழுவ வேண்டும்.

பழைய வாத்தியம் வாங்கப் போகும் இளைஞர்களுக்கு என் யோசனை இது. கண்ணாடிபோல மின்னும் கார்னெட்டைக் கண்டதும் பணத்தை எடுக்காதீர்கள். அண்மையில் பஃப் போட்டு (சுழலும் சக்கரத்தில் தேய்த்து) மறுமுலாம் பூசியிருந்தால் அடியிலுள்ள பித்தளை மெலிந்திருக்கலாம். எழுத்துப் பொறிப்பின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதல் குழாயைக் கழற்ற முடிந்தால் கழற்றி, சின்ன டார்ச் அடித்து உள்ளே செந்நிறப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால், வெளியே கொஞ்சம் பழுப்பேறிய வாத்தியத்தைத் தயங்காமல் வாங்கலாம். விலையும் குறைவாகச் சொல்வார்கள்.